முன்னாள் படைவீரர் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குச் சங்கத்தின் ஏலத்தொகையைக் கொடுக்கலாமா? எப்படி முடிவு செய்வது?

கேள்வி
பதிவிட்டவர்: ஒட்டுப்பசை

வணக்கம். பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்களின் சிறு சங்கம் ஒன்றுக்குச் செயலாளராக இருக்கிறேன். விமானம், போர்க்கப்பல், டாங்கி என்று எங்கள் மேசைகளில் உருவாவதெல்லாம் பெரும்பாலும் போர்க்கருவிகள்தாம். ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி நடத்தி, அதன் முடிவில் அவரவர் அலமாரியில் பிரிக்கப்படாமலே தூங்கும் கிட்களை, அதாவது துண்டு துண்டாக வரும் மாடல் பெட்டிகளை, கொண்டுவந்து ஏலம் விடுவது வழக்கம். (இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, செய்து முடித்தவற்றைவிட வாங்கி அடுக்கியவை எப்போதும் அதிகம்.) இதுவரை அந்தத் தொகை சங்கக் கணக்கிலேயே கிடந்தது. அதை இந்த ஆண்டு முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். அந்த இயந்திரங்களுக்குள் உட்கார்ந்து போனவர்களுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டாமா என்று அவர் கேட்டபோது யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை.

மறுப்பு அடுத்த கூட்டத்தில் வந்தது. இன்னொரு உறுப்பினர் அதே நிறுவனத்திடமிருந்து தமக்கு வந்த ஓர் உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உறையின் ஒளிபுகும் சாளரத்துக்குப் பின்னால் ஐந்து சென்ட் நாணயம் ஒன்று ஒட்டப்பட்டுப் பளபளத்தது. உள்ளே அவருடைய பெயர் அச்சிட்ட முகவரி ஒட்டுத்தாள்கள் ஒரு கத்தை, ஒரு கொடி, மூன்று பக்கக் கடிதம். “எனக்குக் காசு அனுப்ப இவர்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நிறுவனம் அமெரிக்காவில் முறையாகப் பதிவு பெற்றது. நாடு முழுவதும் இயங்குவது. திரட்டும் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் நேரடியாகப் பணிகளுக்கே செல்கிறது என்று தங்கள் வலைத்தளத்தில் வட்டப்படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதை நம்புவதா, உறையை நம்புவதா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கணக்காய்வாளர்கள் அல்லர். ஓரிரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கக்கூடிய சோதனை எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை, தீர்ப்பு வரும் முன் பெயர் கெடக் கூடாது என்பதற்காக.

---

பதில் 1
பதிவிட்டவர்: பழைய பொருளாளர்

உங்கள் உறுப்பினர் கேட்டது சரியான கேள்வி. விடையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற பெரிய தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குப் படிவம் 990 என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். யார் கேட்டாலும் கடைசி மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளைக் காட்டும் கடமையும் அவற்றுக்கு உண்டு. துறையின் வலைத்தளத்திலும், புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் இலவசத் தேடுபக்கத்திலும் நிறுவனத்தின் பெயரை இட்டால் அறிக்கை வந்துவிடும். வட்டப்படத்தை மூடிவிட்டு அதைத் திறவுங்கள்.

நேராக 9ஆம் பகுதிக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு செலவும் பணிகள், நிர்வாகம், நிதி திரட்டல் என்று மூன்று பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வட்டப்படம் பிறப்பது இந்தப் பக்கத்திலிருந்துதான். ஆனால் பக்கத்தின் அடியில், 26ஆம் வரியில், ‘கூட்டுச் செலவு’ என்று ஓர் இனம் இருக்கிறது. அதைப் பலர் பார்ப்பதே இல்லை. நாணயம் ஒட்டிய உங்கள் உறையைத் தேட வேண்டிய இடம் அந்த வரி.

விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு காலத்தில் நானே இதில் ஏமாந்தவன். நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில், மனம் தளர்ந்த படைவீரர் யாரையாவது கண்டால் நெருக்கடி உதவி எண்ணான 988ஐ அழைத்து, படைவீரர் பிரிவுக்கு 1ஐ அழுத்தச் சொல்லுங்கள் என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டால், அந்தக் கடிதம் வெறும் வேண்டுகோளாக இல்லாமல் பொதுமக்களுக்கான விழிப்புணர்வாகவும் ஆகிவிடுகிறது. நோக்கம், யாருக்கு அனுப்பப்படுகிறது, உள்ளடக்கம் என்ற மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால், அச்சுக்கூலி, அஞ்சல் செலவு, அந்த ஒட்டுத்தாள் எல்லாவற்றிலும் ஒரு பங்கைப் ‘பணிகள்’ பத்தியில் எழுதக் கணக்கியல் விதியே இடம் கொடுக்கிறது. இது மோசடி அன்று, சட்டப்படியே செய்யலாம். ஆனால் உங்கள் ஏலத்தில் கிட் வாங்கியவர் ‘பணி’ என்ற சொல்லைக் கேட்கும்போது மனத்தில் காண்பது செயற்கைக் காலையோ சக்கர நாற்காலியையோதான். யாரோ ஒருவரின் அஞ்சல் பெட்டியில் விழுந்த உறையை அன்று. எனவே 26ஆம் வரியில் பணிகளின் பங்காகக் காட்டப்பட்ட தொகையை மொத்தப் பணிச் செலவிலிருந்து கழித்துவிட்டு விழுக்காட்டை மீண்டும் போட்டுப் பாருங்கள். முக்கால் என்பது அரையாகிவிட்டால் உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது. ஓரிரு புள்ளி மட்டும் குறைந்தால், உறையைப் பற்றிய கோபத்தைச் சற்றுத் தணித்துக்கொள்ளலாம்.

அடுத்து அதே படிவத்தோடு இணைந்த அட்டவணை ஜி. வெளியாரை அமர்த்தி நிதி திரட்டியிருந்தால், அவர்கள் எவ்வளவு திரட்டினார்கள், தாங்கள் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள், மீதி எவ்வளவு வந்து சேர்ந்தது என்று ஒரே வரிசையில் எழுதியிருக்கும். அந்த வரிசையைப் படிக்கக் கணக்காய்வாளர் தேவையில்லை. பொருளாகப் பெற்ற நன்கொடைகளின் மதிப்பு அட்டவணை எம்-இல் இருக்கும். நிறுவனத்தின் வரவு பெரும்பாலும் பொருளாகவே இருந்தால், அந்த மதிப்பைப் போட்டவர் யார் என்று கேளுங்கள். மருந்துக்கும் பழைய புத்தகத்துக்கும் தாராளமாக விலை போட்டுவிட்டால் எந்த விழுக்காடும் அழகாகத் தெரியும்.

அதிகாரிகளின் சம்பளம் 7ஆம் பகுதியில் இருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் முதலில் பாய்வது அதன் மேல்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பாருங்கள்.

---

பதில் 2
பதிவிட்டவர்: வரிக்கணக்கன்

பொருளாளர் ஐயா சொன்ன கழித்தல் கணக்கு மிகவும் பயனுள்ளது. நானும் அதையே செய்வேன். ஆனாலும் விழுக்காட்டை நீதிபதியாக உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. படிவத்தில் உள்ள எண்கள் நிறுவனமே எழுதிக் கொடுத்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்கக் கடற்படை முன்னாள் வீரர் சங்கம் என்ற பெயரில் 2002இல் தொடங்கப்பட்ட அமைப்பை நினைத்துப் பாருங்கள். பல மாநிலங்களில் கிளைகள், பொறுப்பாளர்கள், ஒழுங்காகத் தாக்கல் செய்யப்பட்ட அறிக்கைகள் எல்லாம் தாளில் இருந்தன. 2010இல் ஃபுளோரிடாவின் நாளிதழ் ஒன்று அந்தப் பொறுப்பாளர்களைத் தேடிப் போனபோது, அப்படி ஆட்களே கிடைக்கவில்லை. வாஷிங்டனில் தலைமையகம் என்று காட்டப்பட்ட முகவரி வாடகைக்கு எடுத்த ஓர் அஞ்சல் பெட்டி. பாபி தாம்ப்சன் என்ற பெயரில் அதை நடத்திவந்தவர் உண்மையில் ஜான் டொனால்ட் கோடி என்பதும், பல ஆண்டுகளாகத் தேடப்பட்டுவந்தவர் என்பதும் 2012இல் அவர் பிடிபட்ட பிறகே வெளிவந்தன. திரட்டப்பட்டது ஏறக்குறைய 10 கோடி டாலர். 2013இல் ஒஹையோ நீதிமன்றம் அவருக்கு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அந்த அமைப்புக்குக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வட்டப்படம் பார்த்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 2018 ஜூலையில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் சேர்ந்து, படைவீரர் பெயரைச் சொல்லிப் பணம் பறித்தவர்கள் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நடவடிக்கைகளை அறிவித்தன. அதில் சிக்கிய ஹெல்ப் த வெட்ஸ் என்ற நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டிருந்த மாற்றுப் பெயர்களில் ஒன்று அமெரிக்கன் டிஸேபிள்டு வெட்டரன்ஸ் ஃபவுண்டேஷன். 1920இல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கிவரும் டிஸேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ் வேறு. சொற்களின் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, கடைசியில் ஒன்றைச் சேர்த்தால் பாதி நாடு குழம்பிவிடும். 2014 முதல் 2017 வரை 2 கோடி டாலருக்கு மேல் திரட்டிய அந்த நிறுவனத்தில், நூற்றுக்கு 95 பங்கு நிதி திரட்டலுக்கும் நிர்வாகத்துக்கும் நிறுவனரின் சம்பளத்துக்குமே போயிற்று என்று ஆணையம் குற்றஞ்சாட்டியது.

சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நிதி திரட்டுவோர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று மாநிலங்கள் விழுக்காட்டால் கட்டுப்படுத்துவது பேச்சுரிமைக்கு முரண் என்று 1988இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 2003இல் வந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் சம்பந்தப்பட்டது வியட்நவ் என்ற படைவீரர் அமைப்பு. அதற்காகத் தொலைபேசியில் பணம் கேட்டவர்கள் 71 லட்சம் டாலர் அளவுக்குத் திரட்டி, 60 லட்சத்துக்கு மேல் ஒப்பந்தப்படியே தாங்கள் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு எடுத்துக்கொண்டது மட்டுமே மோசடி ஆகாது, ஆனால் கொடையாளரிடம் 90 விழுக்காடு வீரர்களுக்கே போகிறது என்பது போலப் பொய் சொல்லியிருந்தால் வழக்குத் தொடரலாம் என்பது தீர்ப்பின் சாரம். இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு: கேள்வியை எழுத்தில் கேளுங்கள், விடையையும் எழுத்தில் வாங்குங்கள். பொய் சொல்ல நினைப்பவர் எழுதிக் கொடுக்கத் தயங்குவார்.

இனி மறுபக்கம். ஊனமுற்ற ஒரு படைவீரருக்கு அரசு உதவித்தொகை பெற்றுத் தருவதுதான் ஒரு நிறுவனத்தின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்து, விண்ணப்பத்தை நிரப்பி, அது நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு எழுத விவரம் தெரிந்த ஒருவர் நாள் முழுவதும் மேசையில் உட்கார வேண்டும். அங்கே செலவு என்பதே சம்பளமும் மேசையும்தான். படமெடுத்துக் காட்டப் பொருள் எதுவும் இருக்காது. சம்பளம் என்ற சொல்லைக் கண்டதும் முகம் சுளிக்கிற செயற்குழு அந்த நிறுவனத்தைத் தள்ளிவிட்டு, போர்வை வழங்கிப் படம் போடும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும். நிறுவனங்களை மதிப்பிடும் சேரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று அமைப்புகளே 2013இல் ஒரு திறந்த மடல் எழுதி, நிர்வாகச் செலவு விழுக்காட்டை மட்டும் வைத்து அளக்காதீர்கள் என்று கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன.

கெட்ட செய்தி வந்த ஆண்டோடு தேடலை நிறுத்திவிடவும் வேண்டாம். காயமுற்ற படைவீரர்களுக்கு உதவும் ஊண்டட் வாரியர் புராஜெக்ட் என்ற நிறுவனம் பற்றி 2016 ஜனவரியில் ஆடம்பரச் செலவு என்ற செய்திகள் வெளியாயின; மார்ச் மாதம் ஆட்சிக்குழு முதல் இரண்டு அதிகாரிகளையும் நீக்கியது; அதே ஆண்டில் புதிய தலைவர் வந்தார். அதற்குப் பிந்திய அறிக்கைகளைப் பார்க்காமல் இன்று அந்த நிறுவனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. உங்கள் நிறுவனத்துக்கும் இதே அளவுகோல்தான்.

---

பதில் 3
பதிவிட்டவர்: மூன்றாம் வார்டு

படைவீரர் மருத்துவமனை ஒன்றின் கைவேலை அறையில் வாரம் ஒருநாள் தன்னார்வலராக இருந்துவருகிறேன். இதுவரை பேசியவர்கள் பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்றே பேசினார்கள். அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஒரு சொல்.

நீங்கள் மாடல் செய்பவர்கள் என்பதால் ஹெல்ப் ஹீல் வெட்டரன்ஸ் என்ற பெயர் எப்படியும் உங்கள் காதுக்கு வரும். 1971இல் தொடங்கிய நிறுவனம். சிகிச்சையில் இருக்கும் வீரர்களுக்குக் கைவேலைக் கிட்களை இலவசமாக அனுப்புவது அதன் வேலை. உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா என்று தோன்றும். ஆனால் ஹெல்ப் ஹாஸ்பிட்டலைஸ்டு வெட்டரன்ஸ் என்ற பழைய பெயரில் இருந்தபோது, அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2007, 2008 ஆண்டுகளில் படைவீரர் தொண்டு நிறுவனங்களை விசாரித்ததில் அதன் நிறுவனர் கடுமையான கேள்விகளுக்கு ஆளானார். 2012இல் கலிஃபோர்னியா அரசு வழக்கே தொடர்ந்தது. அது சமரசத்தில் முடிந்து, பின்னர் பெயரும் மாறியது. இவ்வளவும் நடந்த காலத்திலும் கிட்கள் வார்டுகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. நல்ல வேலையும் மோசமான நிர்வாகமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும். ஆகவே ‘இவர்கள் நல்லவர்களா’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றை விடை எதிர்பார்க்காதீர்கள்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். ஏலத்தில் விலைபோகாத கிட்களை மூட்டையாகக் கட்டி மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போகும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். முந்நூறு துண்டுகள் கொண்ட குண்டுவீச்சு விமானத்தைக் கை நடுங்கும் ஒருவரிடம் கொடுத்தால், அரை மணி நேரத்தில் அவர் பெட்டியை மூடி ஒதுக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஆவி பறக்கும் பசையை வார்டுக்குள் அனுமதிக்கவும் மாட்டார்கள். எங்களுக்கு உதவுவது பசையில்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட். துண்டுகள் பெரிதாக, நிறம் முன்பே ஊட்டப்பட்டதாக இருக்க வேண்டும். சென்ற மாதம் ஒருவர் ஜீப் ஒன்றைப் பொருத்தி முடித்து, நான்காவது சக்கரம் ‘டக்’ என்று உட்கார்ந்ததும் அதை மேசையில் முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார். அதன் பிறகு தாம் ஓட்டிய வண்டியைப் பற்றி முதன்முறையாகப் பேச ஆரம்பித்தார். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. சிலருக்குப் போர் வண்டியைப் பார்ப்பதே ஆகாது. அவர்களுக்குப் பறவைக் கூண்டு கிட்தான் வேண்டும். உங்கள் முன்மொழிவில் இருந்த அந்த அழகான காரணம், போர்க்கருவி செய்பவர்கள் போர்வீரருக்குக் கொடுப்பது என்பது, கொடுப்பவருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பெறுபவர் அப்படிப் பார்ப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

அரசின் படைவீரர் மருத்துவமனைகளில் தன்னார்வப் பணிகளுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கும். அங்கே கேட்டால் இப்போது எது தேவை என்று சொல்வார்கள். குறிப்பிட்ட மருத்துவமனைக்கு, குறிப்பிட்ட நோக்கத்துக்கு என்று எழுதியே பணம் கொடுக்கவும் வழி இருக்கிறது. குடும்பத்தாருக்கு உதவ வேண்டும் என்றால், படை மருத்துவமனைகளை ஒட்டி வீடுகள் கட்டி, நோயாளியின் உறவினரைக் கட்டணமின்றித் தங்கவைக்கும் ஃபிஷர் ஹவுஸ் 1990 முதல் இயங்குகிறது. அங்கே பணி என்றால் என்ன என்பதை நேரில் கதவைத் தட்டியே பார்த்துவிடலாம்.

---

பதில் 4
பதிவிட்டவர்: சுத்தியல்

எங்கள் சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த தவற்றைச் சொல்கிறேன். ‘இந்த ஏலம் படைவீரர்களுக்காக’ என்று மேடையில் அறிவித்தோம். மக்கள் வழக்கத்தைவிடத் தாராளமாக விலை கேட்டார்கள். பணம் வந்த பிறகு எந்த நிறுவனத்துக்கு என்பதில் செயற்குழு பிளவுபட்டது. ஏறத்தாழ ஓராண்டு அந்தத் தொகை வங்கியில் கிடந்தது. நன்கொடையை விழுங்கும் நிறுவனங்களைத் திட்டிக்கொண்டே, அந்த ஓராண்டில் ஒரு வீரருக்கும் ஒரு காசும் போகாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தான். ஏலத்துக்கு முன்பே நிறுவனத்தின் முழுப் பெயரைத் தீர்மானித்துப் பதிவுசெய்துவிடுங்கள். பாதித் தொகை மட்டும்தான் போகும் என்றால் அதையும் மேடையிலேயே சொல்லிவிடுங்கள்.

பொழுதுபோக்குச் சங்கம் அமெரிக்க வரிச்சட்டத்தில் பெரும்பாலும் தொண்டு நிறுவனமாக அன்றி, 501(சி)(7) என்ற பொழுதுபோக்குக் குழு வகையில்தான் வரும். அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு உறுப்பினர்கள் வரிக்கழிவு கோர முடியாது. கழிவு வேண்டும் என்பவர் தனியே நிறுவனத்தின் பெயருக்கே காசோலை எழுதட்டும். பரிசுச்சீட்டுக் குலுக்கலும் வைப்பதாக இருந்தால் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அனுமதி வேண்டும்.

---

கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: ஒட்டுப்பசை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரங்களில் நடந்ததை எழுதுகிறேன்.

பொருளாளர் ஐயா சொன்ன கழித்தலைப் பொதுக் கூட்டத்திலேயே, திரையில் படிவத்தைக் காட்டிச் செய்தோம். முக்கால் பங்கு என்றது பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. உறையைக் கொண்டுவந்தவர் வெற்றிப் புன்னகை பூப்பார் என்று பார்த்தேன். அவர் சற்று வருத்தப்பட்டதாகவே தோன்றியது. பிறகு வரிக்கணக்கன் அவர்களின் பேச்சைக் கேட்டு நிறுவனத்துக்கு மூன்று கேள்விகள் எழுதினோம்: கூட்டுச் செலவில் அஞ்சலின் பங்கு எவ்வளவு, வெளி நிதி திரட்டுவோருடனான ஒப்பந்தம் இன்னும் இருக்கிறதா, எங்கள் தொகையை ஒரே பணிக்கென்று ஒதுக்க முடியுமா. பத்து நாள் கழித்து விடை வந்தது. முதல் இரண்டுக்கும் நழுவாமல் பதில் சொல்லியிருந்தார்கள், எண்களோடு. மூன்றாவதற்கு, சிறு தொகைகளைத் தனியே ஒதுக்குவதில்லை என்று எழுதியிருந்தார்கள். நேர்மையான கடிதம் என்றே எனக்குப் பட்டது.

இருந்தும் இந்த ஆண்டு அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. வித்தியாசம் நான்கே வாக்குகள். மோசடி என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் தீர்மானத்தில் சேர்த்து எழுதவைத்தேன். ஏலத்தொகையை அருகிலுள்ள படைவீரர் மருத்துவமனைக்கு, கைவேலை அறைக்கென்று குறிப்பிட்டுக் கொடுக்கிறோம். முதலில் முன்மொழிந்த உறுப்பினர் தம் சொந்தப் பணத்தைப் பழைய நிறுவனத்துக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார். அது அவர் உரிமை.

மூன்றாம் வார்டு அவர்களுக்கு ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. மருத்துவமனை அலுவலகம் அனுப்பிய பட்டியலில் அழுத்திப் பொருத்தும் கிட்களோடு, கைப்பிடி தடித்த இடுக்கிகளும், மேசையோடு பிணைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் கேட்டிருக்கிறார்கள். இடுக்கியில் எந்த அளவு உங்கள் அறையில் பயன்படுகிறது என்று சொல்ல முடியுமா? எங்களில் ஒருவர் சாதாரண இடுக்கியின் பிடிக்கு ரப்பர் உறை போட்டுத் தடிப்பாக்கிக் கொண்டுவந்து காட்டினார். அது போதுமா, வழுக்குமா என்பதில் இப்போது சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.